எது தீய சாம்ராஜ்யம்?

'ஸ்டார் வார்ஸ்' படத்தில் யார் நல்லவன், யார் கெட்டவன் என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளவே வேண்டாம். கறுப்பு ஹெல்மெட், கறுப்பு அங்கி, புஸ் புஸ்ஸென்று மூச்சு... டார்த் வேடர் நுழைந்த மறுநொடியே குழந்தைகூடச் சொல்லிவிடும், 'இவன்தான் வில்லன்!'

1977 மே 25-ம் தேதி படம் ரிலீஸ். வியட்நாமில் அடிபட்டு, வாட்டர்கேட் ஊழலில் தலைகுனிந்து நொந்துபோயிருந்த அமெரிக்கர்களுக்கு அது அருமருந்து. கொடுங்கோல் சாம்ராஜ்யத்தை எதிர்க்கும் சின்னஞ்சிறு புரட்சிப்படை நாம்தான் என்று நினைத்துக்கொண்டு கைதட்டினார்கள்!

ஆனால், டைரக்டர் ஜார்ஜ் லூகாஸ் போட்ட கணக்கே வேறு. அதற்கு முன்பு அவர் இயக்குவதாக இருந்தது, வியட்நாம் போரைப் பற்றிய 'அபோகலிப்ஸ் நவ்'. (பிற்பாடு கொப்போலா இயக்கி, 1979-ல் வந்தது.) அது கைகூடாமல் போகவே, சொல்ல நினைத்ததை விண்வெளிக்குத் தூக்கிக்கொண்டு போனார். 1973-ல் எழுதிய குறிப்புகளிலேயே விஷயம் இருக்கிறது. சாம்ராஜ்யம் என்பது பத்து வருடம் கழித்து அமெரிக்கா எப்படி ஆகுமோ, அது! எதிர்த்து நிற்கும் குட்டி நாடு? வட வியட்நாம்! 1983-ல் வந்த மூன்றாவது படத்தில், கல்லையும் கட்டையையும் வைத்தே ராட்சத இயந்திரங்களைக் கவிழ்க்கும் கரடிக்குட்டி மாதிரியான ஈவாக்குகளுக்கு மாடல், வியட்காங் கெரில்லாக்கள். ஆக, கைதட்டியவர்களைத்தான் வில்லனாக்கியிருந்தார் லூகாஸ். பாவம், அவர்களுக்குத்தான் அது தெரியவில்லை!

அதே 1983 மார்ச் 8-ம் தேதி, ஃப்ளோரிடாவில் பேசிய ஜனாதிபதி ரீகன், சோவியத் யூனியனைத் 'தீய சாம்ராஜ்யம்' என்றார். மார்ச் 23-ல், அணு ஏவுகணைகளை வழியிலேயே அழிக்கும் திட்டத்தை டி.வி-யில் அறிவித்தார். மறுநாளே செனட்டர் எட்வர்ட் கென்னடி அதை 'ஸ்டார் வார்ஸ்' என்று கிண்டலடிக்க, பெயர் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. திட்டத்தின் ஆதரவாளர்களும் விளம்பரத்தில் அதையே பயன்படுத்த, லூகாஸின் கம்பெனி கோர்ட்டுக்கு ஓடியது. 1985-ல் கேஸ் தோற்றது! அரசியல் விவாதத்தில் அந்தப் பெயரை யாரும் சொல்லலாம் என்று தீர்ப்பு.

கறுப்பு-வெள்ளைக் கதையில் இதுதான் சிக்கல். யார் வேண்டுமானாலும் வெள்ளைப் பக்கம் போய் நின்றுகொள்ளலாம்.

நிஜத்தில் என்ன நடந்தது தெரியுமா? 1983 செப்டம்பர் 26. மாஸ்கோவுக்கு வெளியே ரகசிய ராணுவ மையத்தில் அலாரம் அலறியது. அமெரிக்கா 5 அணு ஏவுகணைகளை ஏவிவிட்டதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. டியூட்டியில் இருந்தவர் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ். 'யுத்தம் ஆரம்பிக்கிறவன் வெறும் ஐந்தோடு ஆரம்பிப்பானா?' என்று யோசித்தார். மேலிடத்துக்குப் 'பொய் அலாரம்' என்று தகவல் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். எதுவும் வந்து விழவில்லை. மேகங்களில் பட்ட சூரிய வெளிச்சத்தைத்தான் சாட்டிலைட் ஏவுகணை என்று நினைத்துவிட்டது!

அன்றைக்கு இரண்டு பக்கத்து ஜனங்களையும் காப்பாற்றிய அந்த மனிதர் போட்டிருந்தது, 'தீய சாம்ராஜ்ய'த்தின் யூனிஃபார்ம்!