அரங்கம் வாயடைத்துப் போன இரவு

தாராசிங் - கிங்காங் குஸ்தி என்றால் என் வயதுக்காரர்களுக்கு இன்றும் முகம் மலரும். அந்த நாட்களில் அமெரிக்காவில் அதே தொழிலில் கொடிகட்டிப் பறந்தவர் புரூனோ சம்மார்ட்டினோ. இந்தக் குஸ்தியில் யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசிவைத்த விஷயம்தான். அது தெரிந்தும் இந்த மனிதரைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம்.

1935-ல் இத்தாலியின் அப்ருஸ்ஸோ மலைப்பகுதியில், பிட்ஸோஃபெர்ராத்தோ என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் பிழைப்புத் தேடி முன்பே அமெரிக்கா போய்விட்டார். யுத்தத்தில் ஜெர்மன் படை ஊருக்குள் வந்ததும், தாயார் எமிலியா பிள்ளைகளோடு வல்லா ரோக்கா என்ற மலைமேல் போய் ஒளிந்துகொண்டார். பல மாதங்கள் அங்கேதான். பனி, பசி. கையிருப்பு தீர்ந்ததும் அந்த அம்மாள் தனியாக இறங்குவார். ஜெர்மானியர் காவலிருந்த தன் சொந்த ஊருக்குள்ளேயே களவாக நுழைந்து, அகப்பட்ட உணவை எடுத்துக்கொண்டு மறுபடி மலையேறுவார். அவர் திரும்பும்வரை பிள்ளைகளின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

1950-ல் குடும்பம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தகப்பனாரிடம் போய்ச் சேர்ந்தது. அப்போது புரூனோவின் எடை 84 பவுண்டு, அதாவது 38 கிலோ. மொழியும் தெரியாது. பள்ளியில் மற்ற பையன்களிடம் அடி வாங்கியவர், எடை தூக்கும் பயிற்சிக்குப் போனார். 1959-ல் மல்லாந்து படுத்தபடி 565 பவுண்டு தூக்கிச் சாதனை செய்தார். 256 கிலோ! அதில் பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லை.

1963 மே 17, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன். பட்டம் வைத்திருந்த பட்டி ராஜர்ஸை 48 வினாடியில் சாய்த்தார். அதன்பின் ஏழு வருஷம் எட்டு மாதம் பட்டம் அவரிடமே இருந்தது. இத்தாலியிலிருந்து குடியேறிய கூலித் தொழிலாளிகளுக்கு அவர் வீட்டுப் பிள்ளை மாதிரி.

1971 ஜனவரி 18 அன்று இவான் கொலாஃபிடம் தோற்றார். கொலாஃப் ரஷ்யர் என்று வேஷம் கட்டிய கனடாக்காரர். பனிப்போர்க் காலத்தில் அந்த வேஷத்துக்கு நல்ல கிராக்கி. நடுவர் மூன்று எண்ணி முடித்ததும் அரங்கத்தில் சத்தமே இல்லை. விழுந்த வேகத்தில் தன் காது போய்விட்டது என்றே புரூனோ நினைத்தாராம். எழுந்து பார்த்தால் ஜனங்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.

1973-ல் பட்டம் திரும்ப வந்தது. 1976 ஏப்ரலில் ஸ்டான் ஹான்சன் தூக்கிப் போட்டது தவறிப்போய்க் கழுத்தெலும்பு முறிந்தது. அது பேசிவைத்ததல்ல. இரண்டே மாதத்தில் ஹான்சனோடு மோத மறுபடி கோதாவில் இறங்கினார்! அதைத் துணிச்சல் என்பதா, அசட்டுத்தனம் என்பதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தொழிலை விட்டபின், ஊக்கமருந்தும் ஆபாசமும் இந்த ஆட்டத்தைக் கெடுத்துவிட்டன என்று வெளிப்படையாகப் பேசினார். நிறுவனம் தன் புகழ் மண்டபத்தில் சேர்க்கக் கூப்பிட்டபோதெல்லாம் மறுத்தார். மருந்துச் சோதனை ஒழுங்காக நடக்கிறது என்று தமக்குத் திருப்தி ஏற்பட்ட பிறகே, 2013-ல் சம்மதித்தார். அப்போது வயது 77. விழா நடந்தது அதே மாடிசன் ஸ்கொயர் கார்டனில். மேடைக்கு அழைத்தவர் அர்னால்டு ஸ்வார்ஸ்நெகர். 1971-ல் வாயடைத்துப் போன அரங்கம் அன்று எழுந்து நின்று கைதட்டியது.