மாசா மாசம் ரீசார்ஜா, ஃப்ரீ டிஷ்ஷா? தூத்துக்குடி வீடுகளுக்கு ஒரு கணக்கு!

ஏப்ரல் 15 வந்தால் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாக நிற்க ஆரம்பித்துவிடும். ஜூன் 14 வரை மொத்தம் 61 நாள் தடைக்காலம். அரசு தருகிற 8,000 ரூபாய் நிவாரணத்தில் அரிசி, வட்டி, ஸ்கூல் ஃபீஸ் எல்லாத்தையும் பார்க்கணும். சரியா அந்த நேரத்தில்தான் டி.வி-யில் 'ரீசார்ஜ் செய்யவும்'னு வந்து நிற்கும். அப்பா கரையில், பிள்ளைகளுக்கு லீவு. டி.வி அதிகமா ஓடுற மாசமும் அதுதான், கையில் காசு இல்லாத மாசமும் அதுதான்.

"பேசாம ஃப்ரீ டிஷ் மாட்டிருவோமா?"ன்னு வீட்டுல பேச்சு கிளம்பும். மாட்டலாம். ஆனா, அதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கணும்.

'இலவச சேனல்' வேறு, 'ஃப்ரீ டிஷ்' வேறு. கேபிளிலும் தனியார் டி.டி.ஹெச்-சிலும் புதிய தலைமுறை, பாலிமர் மாதிரியான சேனல்கள் 'ஃப்ரீ டு ஏர்' வகை. அதாவது, அந்த சேனலுக்குத் தனி விலை கிடையாது. ஆனா, அதை வீட்டுக்குக் கொண்டுவர்றவருக்கு நெட்வொர்க் கட்டணம் கட்டணும். 2019 பிப்ரவரியில் டிராய் புது முறையைக் கொண்டுவந்தப்போ, 100 சேனலுக்கு அதிகபட்சம் 130 ரூபாய், ஜி.எஸ்.டி சேர்த்து 153 ரூபாய் 40 காசுன்னு உச்சவரம்பு வெச்சாங்க. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையும் எடுத்துட்டாங்க. சீரியல் வர்ற பே சேனல்களோட விலை இதுக்கு மேல தனி.

ஃப்ரீ டிஷ் என்பது பிரசார் பாரதியோட சொந்த சேவை. 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்'ங்கிற பேர்ல 33 சேனலோட ஆரம்பிச்சது. பாக்ஸ், டிஷ், மாட்டுற கூலி எல்லாம் சேர்த்து சுமார் 2,000 ரூபாய், ஒரே தடவை. அதுக்கப்புறம் மாசக் கட்டணம் கிடையவே கிடையாது. (யாராவது போன் பண்ணி "ஃப்ரீ டிஷ் ரீசார்ஜ் முடியுது, ஓ.டி.பி சொல்லுங்க"ன்னா, யோசிக்காம கட் பண்ணிருங்க.)

இப்போ கசப்பான பகுதி. ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்கள் ஏலத்தில் பணம் கட்டித்தான் இடம் பிடிக்கணும். அப்படி இடம் பிடிக்கிறதுல பெரும்பாலானவை இந்திச் சேனல்கள். நாடு முழுக்க 4 கோடிக்கும் மேலான வீடுகள்ல ஃப்ரீ டிஷ் இருக்கு. அதுல வட இந்திய கிராமங்கள் அதிகம், விளம்பரமும் அவங்களைக் குறிவெச்சுதான் வருது. தமிழுக்கு உறுதியா கிடைக்கிறது, 2024 ஜனவரியில் 'டிடி தமிழ்'னு பேர் மாறின நம்ம பழைய பொதிகை. அதோட கல்விச் சேனல்கள், ஆகாசவாணியோட ரேடியோ. சன், விஜய், ஜீ தமிழ் சீரியல்கள் வராது. ராத்திரி 8 மணி சீரியலை நம்பி இருக்கிற அம்மாகிட்ட சொல்லாம பாக்ஸை மாத்திட்டு, "காசு மிச்சம்மா"ன்னு சொன்னா அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல தெரியும்!

நம்ம வயசு ஆளுங்க டி.வி பார்க்கிறதே குறைவு. எல்லாம் போன்தான். அதனால 'டி.வி எதுக்கு?'ன்னு நமக்கு ஈஸியா தோணிரும். வீட்டுல யார் உண்மையிலேயே பார்க்கிறாங்கன்னு ஒரு வாரம் கவனிச்சுட்டு முடிவு எடுங்க. அந்த ரிமோட் பெரும்பாலும் அம்மா, ஆச்சி கையிலதான் இருக்கும்.

கிரிக்கெட் பிரியர்களுக்கு மட்டும் ஒரு நல்ல சேதி. இந்தியா ஆடுற முக்கியமான ஒரு நாள், டி20 மேட்ச்களைத் தூர்தர்ஷனோட பகிரணும்னு 2007-லேயே சட்டம் வந்துருச்சு. 2017-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, அந்தப் பகிர்ந்த ஒளிபரப்பை தூர்தர்ஷன் தன்னோட சொந்த சேவையில மட்டும்தான் காட்டணும். அதனால, கேபிள்ல இருக்கிற டிடி ஸ்போர்ட்ஸ்ல வராத மேட்ச், ஃப்ரீ டிஷ்ல இருக்கிற டிடி ஸ்போர்ட்ஸ்ல வரும். ஐ.பி.எல் மட்டும் எதிர்பார்க்காதீங்க.

சரி, மாட்டலாம்னு முடிவாகிருச்சா? திசையைப் பார்ப்போம். ஃப்ரீ டிஷ் வர்றது ஜிசாட்-15 சாட்டிலைட்டில் இருந்து. 2015 நவம்பரில் ஏவினது, நிலநடுக்கோட்டுக்கு மேலே 93.5 டிகிரி கிழக்கில் நிற்குது. தூத்துக்குடி மாடியில் நின்னா அது கிழக்கிலிருந்து சுமார் 30 டிகிரி தெற்கே, கிட்டத்தட்ட 70 டிகிரி உயரத்தில் இருக்கும். சுருக்கமா, டிஷ் கடலைப் பார்க்கும். 80-களில் நம்ம கடற்கரையில பெரியவங்க மீன் முள் மாதிரி இருந்த ஆன்டெனாவை உயரமான கம்பத்துல கட்டி, இலங்கை ரூபவாஹினிக்காகத் திருப்பினதும் கிட்டத்தட்ட இதே பக்கம்தான். வீட்டுல ஆச்சிகிட்ட கேட்டுப் பாருங்க, ஒரு மணி நேரத்துக்குக் கதை கிடைக்கும்.

ஏற்கெனவே மாடியில டிஷ் இருந்தா புதுசு வாங்கத் தேவையில்லாம போகலாம். ஆனா, ஒவ்வொரு கம்பெனிக்கும் சாட்டிலைட் வேற. டாடா ப்ளே 83 டிகிரி, ஏர்டெல் 108 டிகிரி. அதனால திருப்பியே ஆகணும். டிஷ் உங்களுக்குச் சொந்தமா, வாடகையான்னு பழைய பில்லையும் பார்த்துக்குங்க. பாக்ஸ் வாங்கும்போது 'எம்பெக்-4' இருக்கான்னு கேளுங்க. பழைய எம்பெக்-2 பாக்ஸ் விலை குறைவா கிடைக்கும், ஆனா சில சேனல்கள் அதுல வராது. புது டி.வி-யில் சாட்டிலைட் ட்யூனர் உள்ளேயே இருந்தா பாக்ஸே வேண்டாம்.

நம்ம ஊர்ல டிஷ்ஷுக்கு எதிரி ரெண்டு. ஒண்ணு, உப்புக்காத்து. திரேஸ்புரம், தாளமுத்துநகர் பக்கமெல்லாம் சைக்கிள் செயினே துருப்பிடிக்குது, எல்.என்.பி-யில கேபிள் சொருகுற இடம் என்ன ஆகும்? அங்க இன்சுலேஷன் டேப்பை நல்லா இறுக்கிச் சுத்தச் சொல்லுங்க, போல்ட்டுல கிரீஸ் தடவச் சொல்லுங்க. ரெண்டாவது, ஆனி ஆடியில அடிக்கிற காத்து. தகர ஷீட்டுல மாட்டினா டிஷ் அசைஞ்சு சிக்னல் போயிரும். கான்கிரீட் சுவர்ல மாட்டுறதுதான் சரி.

எங்க யோசனை என்னன்னா, முதல் நாளே பழைய பாக்ஸைத் தூக்கி எறிய வேண்டாம். மாசம் 250 ரூபாய் கட்டுற வீடுன்னா, ஃப்ரீ டிஷ் செலவு எட்டே மாசத்துல திரும்பிரும். தடைக்காலத்துல மட்டும் டி.டி.ஹெச் கணக்கைத் தற்காலிகமா நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்டுட்டு, ஃப்ரீ டிஷ்ல ரெண்டு மாசம் ஓட்டிப் பாருங்க. தமிழ் நியூஸ் சேனல்கள் யூடியூப்ல நேரலையா வருது, போனை டி.வி-யோட இணைச்சா போதும். பிரசார் பாரதியோட 'வேவ்ஸ்' ஆப்பும் 2024 நவம்பர்ல வந்திருக்கு. ஆனா, இதுக்கெல்லாம் டேட்டா வேணும். டி.வி ரீசார்ஜை நிறுத்திட்டு டேட்டா ரீசார்ஜை ஏத்தினா கணக்கு அங்கேயே நிக்கும். படகு கடலுக்குப் போனதும், வீட்டுல சீரியல் வேணும்னு சொன்னா திரும்ப ரீசார்ஜ் பண்ணிக்கலாம், இல்லைன்னா கேபிள்கார அண்ணாச்சிகிட்ட அரசு கேபிள் கட்டணம் எவ்வளவுன்னு கேட்கலாம்.

இன்னொண்ணு. கன மழையில கேயு பேண்ட் சிக்னல் குறையும், எந்த டிஷ்ஷா இருந்தாலும் இதுதான் நிலைமை. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர் மழை கொட்டினப்போ கரன்ட்டும் போச்சு, டவரும் போச்சு. டி.வி-யும் யூடியூப்பும் எதுக்கும் உதவலை. அதனால புயல் எச்சரிக்கைக்கு மட்டும் டிஷ்ஷை நம்பாதீங்க. மிச்சமாகுற முதல் மாசக் காசுல பேட்டரியில ஓடுற சின்ன ரேடியோ ஒண்ணு வாங்கி, ஐப்பசி மழைக்கு முன்னாடி ஆகாசவாணி எந்த அலைவரிசையில கிடைக்குதுன்னு பார்த்து, ரேடியோ மேலேயே எழுதி ஒட்டிருங்க.