கே-22: பயிற்சிக்காகப் பிறந்த ரிவால்வர்

பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய 1930களின் தொடக்கத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் கே-22 ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குறி தப்பாமல் சுடும் என்பது அதன் பெருமைதான். ஆனால் அதன் தேவையை உண்டாக்கியது தோட்டாச் செலவு என்றே எனக்குப் படுகிறது. போலீஸ்காரர்கள் இடுப்பில் செருகிய .38 ரிவால்வரின் அதே சட்டகத்தில், மலிவான .22 தோட்டாவுக்கென்று செய்யப்பட்டது அது. மலிவுதான் காரணமென்றால் 1915 முதலே கிடைத்த கோல்ட் நிறுவனத்தின் .22 தானியங்கித் துப்பாக்கி போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒவ்வொரு குண்டுக்கும் கட்டைவிரலால் சுத்தியலை இழுக்க, பிடி சற்றே நழுவ, மறுபடி சரிசெய்யும் பழக்கம் தானியங்கியில் வராது. பயிற்சித் துப்பாக்கி பெரிய துப்பாக்கியைப் போலவே கையில் அமைய வேண்டும் என்பதற்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதே நிறுவனம் கொண்டுவந்த மாஸ்டர்பீஸ் ரிவால்வர் வரிசையே சாட்சி: .22, .32, .38 மூன்றும் கையில் ஒரே கனமாக இருக்கும்படி குழல்மேல் பட்டையின் அகலத்தை மாற்றினார்கள். ஆனால் சுடும் போட்டிகளின் வேகச் சுற்றில், பத்து நொடிக்குள் ஐந்து குண்டு சுடும்போது, தானியங்கியே முந்தியது, அதில் வியப்பில்லை.