இரவைப் பிடிக்க வந்த லென்ஸ்

கடற்கரை ஊர் வாழ்க்கையில் பாதி இருட்டில்தான் நடக்குது. உடப்புத் திரௌபதையம்மன் கோவிலின் ஆடித் திருவிழா இரவுகள், விடிய முன்னமே கல்பிட்டியில் இருந்து கிளம்பும் வள்ளங்கள், லாம்பு வெளிச்சத்தில் மீன் பிரிக்கும் கைகள். ஆனால் புத்தளம் கரையின் பழைய படங்கள் என்று எங்கள் கைக்கு வந்தவை அநேகமாகப் பகல் படங்கள். இரவு எங்கே போனது? பதிலில் ஒரு பகுதி லென்ஸின் வரலாற்றில் இருக்கிறது.

1925இல் ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம் லைக்கா கமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சினிமாவுக்கான 35 மி.மீ. பிலிமைப் போட்டு, கையில் பிடித்தபடியே படம் எடுக்கலாம். அது இலங்கைக்கு வரவும் அதிகம் சுணங்கவில்லை. கொழும்பில் பிறந்த லயனல் வென்ட் (1900–1944) லைக்காவும் பாவித்தவர். 1938இல் லைட்ஸ் ஏற்பாட்டில் அவருடைய படங்களுக்கு லண்டனில் தனிக் கண்காட்சியே நடந்தது.

ஆனால் முதல் லைக்காவின் 50 மி.மீ. லென்ஸுக்கு வாய் சிறிது: எஃப் 3.5. இந்த எண் குறையக் குறைய வாய் அகலும், வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும். 1932இல் சைஸ் நிறுவனம் தன் கொன்டாக்ஸ் கமராவுக்கு 1.5 லென்ஸ் செய்தது. 1961இல் ஜப்பானின் கெனான், தன் ‘கெனான் 7’ கமராவுக்கு 0.95 லென்ஸைக் கொண்டுவந்தது. லைக்கா 1966இல் 1.2 அளவிலும் 1976இல் 1.0 அளவிலும் நொக்டிலக்ஸ் லென்ஸ்களை வெளியிட்டது.

3.5ஐ விட 0.95 உள்ளே விடும் வெளிச்சம் 13 மடங்குக்கு மேல். அதாவது, முன்னது கால் வினாடி கேட்கும் இடத்தில் பின்னதற்கு அறுபதில் ஒரு வினாடி கிட்டத்தட்டப் போதும். கால் வினாடியில் நடக்கிற ஆள் புகையாகிப் போவார். அறுபதில் ஒன்றில் முகம் நிற்கும்.

சும்மா கிடைக்குமா? 0.95இல் ஒரு மீற்றர் தூரத்து முகத்தைப் பிடித்தால், தெளிவாக இருப்பது சுமார் 2 சென்ரிமீற்றர் ஆழம் மட்டும். கண் தெளிந்தால் காது கலங்கும். இங்கேதான் ரேஞ்ச்ஃபைண்டரின் நல்லதும் கெட்டதும். அதில் லென்ஸ் வழியாக நாங்கள் பார்ப்பதில்லை. தனி ஜன்னல் வழியாகப் பார்த்து, நடுவில் தெரியும் இரட்டை உருவத்தை ஒன்றாகச் சேர்க்கிறோம். ஜன்னல் இருட்டிலும் தெளிவு. மேலெழும்பும் கண்ணாடி உள்ளே இல்லாததால் அதிர்வும் குறைவு. ஆனால் எது கலங்கும் என்பதை அந்த ஜன்னல் காட்டாது; பிலிம் கழுவின பிறகுதான் தெரியும். போகஸ் பிடித்த பிறகு நாங்கள் சற்று முன்னே சாய்ந்தாலும் போச்சு. பெரிய லென்ஸ் ஜன்னலின் ஒரு மூலையையும் மறைக்கும்.

அதனால் இந்த லென்ஸைப் பாவிப்பது என்பது ஒரு தெரிவு. கூட்டத்தில் ஒரே ஒரு முகம்தான் தெளியும். தீக்குழியில் இறங்குபவரா, ஓரத்தில் கைக்குழந்தையோடு நிற்கும் தாயா? பிடிக்கிறவர் யாரைத் தெரிந்தெடுக்கிறாரோ அவர்தான் நாளைக்கு ஊரின் இரவாக மிஞ்சுவார். வெளியூர்க்காரர் நெருப்பைத்தான் தேடுவார். ஓரத்தில் நிற்கும் தாய் யாரென்று ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

நொக்டிலக்ஸ் விலைக்கு எங்களால் நெருங்க முடியாது, சரி. ஆனால் 1966இல் வந்த யாஷிகா எலெக்ட்ரோ 35 போன்ற ரேஞ்ச்ஃபைண்டர்களில் 1.7 லென்ஸ் நிரந்தரமாகவே பூட்டியிருக்கும். 400 வேக பிலிம் போட்டு, மூன்று மீற்றர் தள்ளி நின்றால், தெளிவின் ஆழம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைய வரும். இரண்டு பேர் அருகருகே நின்றால் இருவரும் தெளிவார்கள். வீட்டு அலுமாரியில் அப்படி ஒன்று பூஞ்சணம் பிடித்துக் கிடந்தால், அடுத்த ஆடிக்கு முன்னம் எடுத்துத் துடைத்துப் பாருங்க.