லூக்காசும் முப்பத்தொன்பது இலக்கப் பகா எண்ணும்

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத 2, 3, 5, 7 போன்றவற்றைப் பகா எண்கள் என்பர். சிறிய எண் பகா எண்ணா என்பதை மாணவரும் வகுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவர். எண் பெரிதாகப் பெரிதாக அவ்வழி அடைபட்டுப் போகிறது.

இரண்டைப் பலமுறை பெருக்கி ஒன்றைக் குறைத்தால் சிலபோது பகா எண் கிடைக்கும். மூன்று இரண்டுகளுக்கு 7. ஐந்து இரண்டுகளுக்கு 31. ஆயின், பதினோர் இரண்டுகளுக்கு வரும் 2047, 23-ஐ 89-ஆல் பெருக்கிய தொகையாதலின் பகா எண் அன்று. பிரெஞ்சுத் துறவியும் கணித அறிஞருமான மெர்சென், எத்தனை இரண்டுகளுக்குப் பகா எண் வரும் என 1644-ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டார். 67, 127 ஆகிய இரண்டும் அதில் இருந்தன. ஆனால், அவற்றை அவர் நிறுவிக் காட்டவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்விரண்டின் உண்மை தெரியவில்லை.

127 இரண்டுகளுக்கு வரும் எண் இது: 170141183460469231731687303715884105727. இதனை வகுத்துப் பார்ப்பதாயின், இருபது இலக்கம் வரையுள்ள பகா எண்களால் வகுக்கவேண்டும். நொடிக்கு ஒன்றாக வகுத்தாலும் பல நூறு கோடி ஆண்டுகள் செல்லும்.

இத்தடையைக் கடந்தவர், பள்ளிகளில் கணிதம் கற்பித்த பிரெஞ்சு ஆசிரியர் எடுவார் லூக்காஸ் (1842–1891). வகுஎண்ணைத் தேடாமலே சோதிக்கும் வழியை அவர் கண்டார். அமெரிக்க அறிஞர் லெமர் 1930-இல் அதனைச் செம்மை செய்தார். அவ்வடிவத்தை 31 கொண்டு விளக்கலாம். 4-இல் தொடங்குக. அதன் வர்க்கத்தில் 2 கழிக்க 14. மீண்டும் 14-இன் வர்க்கத்தில் 2 கழிக்க 194. இதனை 31-ஆல் வகுக்க மீதி 8. எட்டின் வர்க்கத்தில் 2 கழிக்க 62; இதனை 31-ஆல் வகுக்க மீதியில்லை. ஐந்து இரண்டுகளுக்கு, ஐந்தில் இரண்டு குறைந்த மூன்றாம் படியில் மீதி அற்றது. ஆகவே 31 பகா எண். அவ்வாறே 127 இரண்டுகளுக்கு 125 படிகள் போதும்.

1876-ஆம் ஆண்டில் லூக்காஸ் கையாலேயே கணக்கிட்டு அம்முப்பத்தொன்பது இலக்க எண் பகா எண்ணே என நிறுவினார். அதே ஆண்டில், 67 இரண்டுகளுக்கு வரும் எண் பகா எண் அன்று எனவும் காட்டினார். ஒரே பட்டியலில் ஒன்று மெய்யாயிற்று, மற்றொன்று பொய்யாயிற்று. பொய்யான எண்ணின் காரணிகளோ அவருக்கும் தெரியா. அவ்வெண் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கிய தொகை என்பதை 1903-இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோல் வெளிப்படுத்தினார்.

லூக்காஸின் எண் 1951 வரை, எழுபத்தைந்து ஆண்டுகள், அறியப்பட்ட பகா எண்களுள் மிகப் பெரியதாக விளங்கிற்று. 1952 முதல் மின்கணிப்பொறிகள் அவ்வழியிலேயே மேலும் பெரியவற்றைக் கண்டன. 2024-இல் அறிவிக்கப்பட்ட பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதனை உறுதிசெய்யவும் லூக்காஸ்–லெமர் சோதனையே பயன்பட்டது.

சொன்னவர் பெரியவர் என்பது கணிதத்தில் சான்றாகாது. அரும்பெரும் பட்டியலையும் சோதித்தே ஏற்கவேண்டும் என்பதை ஒரு பள்ளி ஆசிரியரின் 125 படிகள் உலகுக்கு உணர்த்தின.