மகிழுந்து மாற்று டயர்த் தேர்வு

மகிழுந்து மாற்று டயர்த் தேர்வு என்பது தேய்ந்த அல்லது மூப்படைந்த டயர்களை அகற்றி, வண்டியின் எடை, வேகம், அது ஓடும் நிலப்பகுதி ஆகியவற்றுக்கு ஏற்ற புதிய டயர்களைத் தெரிவு செய்வதாகும். முத்துக்குளித்துறை எனப்படும் தூத்துக்குடிக் கடற்கரையில் இத்தேர்வுக்குத் தனிக் கவனம் தேவைப்படுகிறது. இங்கு ஆண்டின் பெரும்பகுதி வறண்டும் வெப்பமாகவும் இருக்கும். மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெய்கிறது. ஆகவே பல மாதங்கள் வெயிலில் காய்ந்த டயரே திடீரென வெள்ளம் தேங்கிய சாலையைச் சந்திக்க நேர்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையின்போது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது.

அளவுக் குறியீடு

டயரின் பக்கச்சுவரில் அதன் அளவு அச்சிடப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, 185/65 ஆர்15 88எச் என்பதில் 185 என்பது மி.மீ. அளவில் அகலம், 65 என்பது அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் விழுக்காடு, ஆர் என்பது ரேடியல் அமைப்பு, 15 என்பது டிஸ்க்கின் விட்டம் அங்குலத்தில். 88 என்னும் சுமைக் குறியெண் ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும் என்பதையும், எச் என்பது மணிக்கு 210 கி.மீ. என்னும் வேக உச்சத்தையும் குறிக்கும்.

இவற்றுள் வேக எழுத்தையே பலர் பார்க்கின்றனர். குடும்ப வண்டிக்குச் சுமை எண்ணே முதன்மையானது. ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளும் ஏறித் திருச்செந்தூருக்குச் செல்லும் வண்டியில் தயாரிப்பாளர் குறித்ததைவிடக் குறைந்த சுமை எண் கொண்ட டயரைப் பொருத்தலாகாது. அகலத்தை மாற்ற விரும்பினால் மொத்த விட்டம் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். 185/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 621 மி.மீ.; 195/60 ஆர்15 டயரின் விட்டம் 615 மி.மீ. இவ்வேறுபாடு ஒரு விழுக்காட்டளவே ஆதலால் வேகமானி பெரிதும் பிழை காட்டாது.

இந்தியாவில் விற்கப்படும் மகிழுந்து டயர்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருத்தல் வேண்டும். இதற்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை 2009ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது.

தேய்மானமும் வயதும்

புதிய மகிழுந்து டயரின் பட்டன் ஆழம் பொதுவாக 7 அல்லது 8 மி.மீ. இருக்கும். இது 1.6 மி.மீ. ஆகும்போது பள்ளங்களின் அடியிலுள்ள தேய்மானக் குறி மேற்பரப்புடன் சமமாகிவிடும். மோட்டார் வாகன விதிகளின்படி அதற்குமேல் அந்த டயரில் ஓட்டுதல் கூடாது. ஆயினும் ஈரச் சாலையில் பிடிமானம் அவ்வெல்லையை எட்டுவதற்கு முன்னரே வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எனவே பருவமழைக்கு முன் 3 மி.மீ. அளவில் மாற்றிவிடுவதே நல்லது.

உள்ளூரில் மட்டும் ஓடும் வண்டிகளில் பட்டன் தேயுமுன் ரப்பர் முதுமையடைந்து விடுவதுண்டு. வெப்பம், புறஊதாக் கதிர், ஓசோன் ஆகியவை ரப்பரைக் கடினமாக்கிப் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்குகின்றன. ரப்பரில் கலக்கப்படும் காப்புப் பொருள்கள் டயர் உருண்டு நெளியும்போதே மேற்பரப்புக்கு வருகின்றன. ஆகையால் வெயிலில் நெடுநாள் நிறுத்தி வைக்கப்பட்ட வண்டியின் டயர் விரைவில் கெடுகிறது. உப்புக்காற்று ரப்பரை அவ்வளவாகத் தாக்குவதில்லை. ஆனால் இரும்பு டிஸ்க்கின் விளிம்பைத் துருப்பிடிக்கச் செய்வதால் டியூப்லெஸ் டயரில் காற்று மெல்லக் கசியும். உப்பளங்களை ஒட்டிய சாலைகளில் ஓடும் வண்டிகளுக்குப் புதிய டயர் மாட்டும்போது விளிம்பைத் தேய்த்துத் துரு நீக்குவது இன்றியமையாதது.

தயாரிப்பு நாளைப் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் காட்டும். 2319 எனில் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐந்து ஆண்டுகளுக்குப்பின் ஆண்டுதோறும் சோதிக்கவும், எந்நிலையிலும் பத்து ஆண்டுகளுக்குள் மாற்றவும் டயர் நிறுவனங்கள் பல பரிந்துரைக்கின்றன. கடையில் விலைத் தள்ளுபடியை விசாரிக்குமுன் இந்த எண்ணைப் படிப்பது நலம். ஸ்டெப்னிக்கும் இதுவே விதி. ஒருநாளும் தரையைத் தொடாத ஸ்டெப்னி புதியதுபோல் தோன்றினும் அதன் வயது கூடிக்கொண்டே இருக்கும்.

காற்றழுத்தம்

கோடையில் டயர் வெடிக்காதிருக்கக் காற்றைக் குறைத்து வைக்கவேண்டும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. இது தவறாகும். காற்றுக் குறைந்த டயர் மிகுதியாக நெளிவதால் உள்வெப்பம் ஏறுகிறது. முழுச்சுமையுடன் மதுரை நான்குவழிச் சாலையில் விரைவாகச் செல்லும்போது அதுவே வெடிப்புக்குக் காரணமாகலாம். கதவுத் தூணில் ஒட்டப்பட்டுள்ள தாளில் முழுச்சுமைக்கெனக் குறித்த அழுத்தத்தை, வண்டி ஓடுமுன் டயர் குளிர்ந்த நிலையில் அளந்து நிரப்பவேண்டும்.

மழையிலும் இதே நிலைதான். தேங்கிய நீரில் டயர் தரையைவிட்டு எழுந்து மிதப்பது நீர்மிதப்பு எனப்படும். 1960களில் நாசா ஆய்வாளர்கள் வகுத்த வாய்பாட்டின்படி, வடிகால் பள்ளங்கள் பயன்படாத நிலையில் 32 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள டயர் மணிக்குச் சுமார் 94 கி.மீ. வேகத்தில் மிதக்கத் தொடங்கும்; 22 பி.எஸ்.ஐ. எனில் 78 கி.மீ. வேகத்திலேயே மிதக்கும். இது தோராயமான கணக்கே.

இரண்டு டயர்கள் மட்டும் மாற்றப்படும்போது

முன்சக்கர இயக்க வண்டிகளிலும் புதிய இணையைப் பின்னச்சில் பொருத்துவதே பாதுகாப்பானது. முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகச் செல்ல முற்படும். வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், பழகாத ஓட்டுநரால் அதை மீட்க இயலாது. ஒரே அச்சில் வெவ்வேறு வகை டயர்களைக் கலத்தல் தவிர்க்கப்பட வேண்டும்.

பழைய டயர்கள்

சரக்குந்து, பேருந்து டயர்களுக்கு மேற்பட்டை புதுப்பித்தல் இன்றும் வழக்கத்தில் உள்ளது. திருவொற்றியூரில் 1946இல் பொம்மைப் பலூன் தயாரிப்புடன் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், டயர் செய்வதற்கு முன் 1952இல் இறங்கியது இதற்கான பட்டை ரப்பர் தொழிலிலேயே. குடும்ப மகிழுந்துகளுக்கு இம்முறை ஏற்றதன்று. வரலாறு தெரியாத பழைய டயரை மலிவாக வாங்கி மாட்டுவதும் அவ்வாறே. உள்ளிழையில் ஏற்பட்ட காயம் வெளியே தெரியாது. மீன்பிடித் துறைகளில் படகுகள் மோதிச் சிதையாதிருக்க அவற்றின் பக்கவாட்டில் கழித்த டயர்கள் தொங்கவிடப்படுகின்றன.