வாசலில் அழகுப் புல் வைக்கலாமா?

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)

தாம்பரத்தைச் சுற்றியுள்ள முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை, அகரம்தென் பக்கங்களில் இன்றைக்கு ஒரே குடும்பத்தில் கழனியும் உண்டு, மாடி வீடும் உண்டு. அப்பா கழனியில் நாற்று விடுகிறார். பிள்ளை புது வீட்டு வாசலுக்குத் தொட்டிச் செடி வாங்கி வருகிறார். அந்தச் செடிகளில் ஒன்று இப்போது பலர் கண்ணைப் பறிக்கிறது. அணில் வால் மாதிரி, வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கதிர் விட்டு, காற்றில் வளைந்து ஆடுகிற புல் அது. நர்சரிகளில் 'ஃபவுண்டன் கிராஸ்' என்பார்கள். நாம் நீரூற்றுப் புல் என்று வைத்துக்கொள்வோம். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து பெரிய வெள்ளைக் குஞ்சம் விடுகிற 'பாம்பாஸ்' என்னும் புல்லும் உண்டு.

"புல்லுதானே சார், வாசல்ல வெச்சா என்ன?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வைக்கலாம், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் கேட்ட யோசனை மனசில் நிற்காது. அதனால் இருநூறு வருஷத்துக் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

சைதாப்பேட்டைக் கள்ளித் தோட்டம்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சைதாப்பேட்டை. நம் மாநிலத்து வேளாண்மைக் கல்வி 1868-ம் வருஷம் தொடங்கியது அங்கேதான். 1906-ல்தான் அது கோயம்புத்தூருக்குப் போயிற்று. அதற்கும் முந்திய கதை ஒன்று சைதாப்பேட்டைக்கு உண்டு.

1780-களின் கடைசியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவத் தலைவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் அங்கே ஒரு கள்ளித் தோட்டம் போடச் செய்தார். சப்பாத்திக் கள்ளியில் ஒருவகைச் செதில் பூச்சி வாழும். அதைக் காயவைத்தால் அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். மெக்சிகோவிலிருந்து ஸ்பெயின் நாட்டார் அதை விற்றுக் கொழுத்துக் கொண்டிருந்தார்கள். அந்த லாபத்தில் பங்கு பெறத்தான் இந்த ஏற்பாடு. 1795-ல் பிரேசில் நாட்டிலிருந்து பூச்சியும் கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. எதிர்பார்த்தது உயர்ந்த சாயப்பூச்சி. வந்ததோ மட்டமான வேறொரு இனம். சாய வியாபாரம் படுத்துவிட்டது.

கள்ளி மட்டும் படுக்கவில்லை. சைதாப்பேட்டைத் தோட்டத்திலிருந்துதான் எல்லாம் பரவியது என்று நான் சொல்லவில்லை. வேலிக்கு நல்லது, ஆடு மாடு தாண்டாது என்று பல ஊரிலும் பலவகைக் கள்ளியை ஒடித்து நட்டார்கள். ஒரு மட்டை விழுந்த இடத்தில் ஒரு புதர். பழத்தைத் தின்ற காக்கை குருவி போட்ட எச்சத்தில் இன்னொரு புதர். மேய்ச்சல் நிலமும் தரிசும் கள்ளிக்காடாகிப் போயின. கடைசியில் 1926-ம் வருஷம் இலங்கையிலிருந்து வேறொரு செதில் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது சாறு உறிஞ்ச உறிஞ்ச, சில வருஷங்களில் கள்ளி கருகி விழுந்தது. பூச்சியைக் கொண்டு களையை அடக்கியதற்கு உலகம் முழுக்கப் பாடத்தில் சொல்லும் உதாரணம் இது. ஆனால் எல்லாக் களைக்கும் இப்படி ஒரு பூச்சி கிடைத்துவிடாது என்பதை நினைவில் வையுங்கள்.

தொட்டியிலிருந்து ஏரிக்கு

கள்ளியாவது வேலிக்கென்று வந்தது. வெறும் அழகுக்கென்றே வந்ததும் உண்டு. உண்ணிச்செடியை எடுத்துக் கொள்ளுங்கள். மஞ்சளும் ரோஸுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் அந்தச் செடி, 1800-களின் தொடக்கத்தில் கொல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு அலங்காரச் செடியாக வந்தது. இன்றைக்கு முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் மான் மேயும் புல்லை அமுக்கிக்கொண்டு நிற்கிறது. வண்டலூர்ப் பக்கத்துத் தரிசிலும் பார்க்கலாம்.

ஆகாயத்தாமரை கதை இன்னும் நமக்கு நெருக்கம். பிறந்த இடம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதி. ஊதா நிறத்தில், மயில்கண் மாதிரி ஒரு மஞ்சள் புள்ளியோடு பூக்கும். அந்தப் பூவின் அழகுக்காகத்தான் 1800-களின் கடைசியில் வங்காளத்துக்குக் கொண்டுவந்து குளத்தில் விட்டார்கள். நாற்பது வருஷத்துக்குள் அங்கே நெல்லும் படகுப் போக்குவரத்தும் பாழாகி, 1936-ல் அதை ஒழிப்பதற்கென்றே ஒரு சட்டம் போட வேண்டி வந்தது.

வேகம் எப்படி என்று ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். தோதான தண்ணீரில் இரண்டு வாரத்தில் ஒன்று இரண்டாகும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பு என்றே வைத்துக் கொள்வோம். இன்றைக்கு ஒரு செடி. ஐந்து மாதத்தில் பத்து இரட்டிப்பு. 1,024 செடி! மேலே வாரி எடுத்தாலும் சேற்றில் விழுந்த விதை 15, 20 வருஷம்கூட உயிரோடு கிடக்கும்.

நம் பக்கத்து ஏரிகள் தனித்தனிக் கிண்ணங்கள் அல்ல. ஒன்று நிரம்பிக் கலங்கல் வழியாக அடுத்ததற்குப் போகிற சங்கிலி. செம்பாக்கம் ஏரித் தண்ணீர் கீழே இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம் அது. மேல் ஏரியில் ஒரு கை ஆகாயத்தாமரை விழுந்தால் கீழ் ஏரிக்கும் அதுதான் விதை. வீட்டுக் கழிவுநீர் கலந்த ஏரியில் அதற்கு உரம் போட்டது மாதிரி. மதகை அடைக்கும், கால்வாயை அடைக்கும், கொசுவை வளர்க்கும், மீனை மூச்சுமுட்ட வைக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பல காரணம் உண்டு. ஆனால் தண்ணீர் ஓட வேண்டிய வழியில் பச்சை மெத்தை விரித்திருந்தால் வெள்ளம் வடியுமா, சொல்லுங்கள்.

புல்லில் உள்ள ஆபத்து

"கள்ளிக்கும் தாமரைக்கும் புல்லுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. மூன்றும் கேட்டு வாங்கி, ஆசையாய் வைத்த செடிகள். அதோடு புல்லுக்குச் சில தனிக் குணங்களும் இருக்கின்றன.

முதலாவது, விதை. நீரூற்றுப் புல்லின் விதையைச் சுற்றி மயிர் இருக்கும். காற்றில் பறக்கும், தண்ணீரில் மிதக்கும், லாரிச் சக்கரத்திலும் ஆட்டு மயிரிலும் ஒட்டிக்கொண்டு போகும். மண்ணில் ஆறேழு வருஷம் காத்திருக்கும். பாம்பாஸ் புல்லின் ஒரு குஞ்சத்தில் லட்சம் விதை வரை இருக்கலாம் என்கிறார்கள்.

இரண்டாவது, தீ. கதிர் முற்றியதும் தூர் காய்ந்து வைக்கோல் போராகிவிடும். ஒரு பீடித் துண்டு போதும். எரிந்த பிறகு மற்றச் செடிகள் செத்துப்போகும். இந்தப் புல்லோ வேர்க்கட்டையிலிருந்து முதலில் துளிர்த்து, காலியான இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அடுத்த தீக்கு இன்னும் அதிக விறகு.

மூன்றாவது, இதனால் மாட்டுக்கும் பிரயோசனம் இல்லை. முற்றிய நீரூற்றுப் புல்லை மாடு விரும்பித் தின்னாது.

இதெல்லாம் வெறும் பயமுறுத்தல் அல்ல. நீரூற்றுப் புல்லுக்குச் சொந்த ஊர் வட ஆப்பிரிக்காவும் அரபு நாடுகளும். பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளுக்கு 1900-களின் தொடக்கத்தில் அழகுக்காகப் போயிற்று. இன்றைக்கு அங்கே எரிமலைக் கற்பாறைச் சரிவுகளில்கூடப் பரவி, காட்டுத் தீக்குத் தீனி போடுகிறது. 2017-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதை விற்கவும் வளர்க்கவும் கூடாத செடிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

அதே ஹவாயில் மௌயி என்ற தீவில் 2023 ஆகஸ்ட் மாதம் லஹைனா என்ற ஊர் எரிந்து, நூறு பேரளவில் உயிரிழந்தார்கள். கரும்பு விவசாயம் நின்றுபோன நிலங்களில் மண்டிக் கிடந்த வெளிநாட்டுப் புல் அந்தத் தீக்கு எரிபொருளாயிற்று. அந்தப் புற்களில் ஒன்று எது தெரியுமா? நம் மாட்டுக்குப் போடுகிற கினிப் புல்தான்! இன்னொன்று கொழுக்கட்டைப் புல்.

இந்த இடத்தை நிதானமாகக் கவனியுங்கள். காங்கேயம் பக்கம் கொறங்காடுகளில் கிளுவை வேலி போட்டு, வெள்வேல மரத்தடியில் கொழுக்கட்டைப் புல்லைத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கிறார்கள். காங்கேயம் மாடு அதை மேய்ந்து கொண்டே இருக்கிறது. அங்கே அது செல்வம். அதே புல் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் மேய ஆளில்லாமல் பரவி, தீயைக் கொண்டுவருகிறது. அங்கே அது சனியன். புல் ஒன்றுதான். அதை அடக்குகிற வாயும் அரிவாளும் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். நம் ஊர் ஏரியில் கிடக்கும் வேலம்பாசியும் 1950-களில் மீன் தொட்டி அழகுக்காக அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே ஏரிகளை அடைத்துக் கொண்டது. ஆகவே இதில் நல்ல நாடு, கெட்ட நாடு என்ற பேச்சே இல்லை.

நீரூற்றுப் புல் கொழுக்கட்டைப் புல்லின் நெருங்கிய சொந்தம். நம் கம்புக்கும் உறவுதான். ஆனால் வாசலில் நிற்கும் அழகுப் புல்லை மாடு மேயாது, யாரும் அறுத்துக் கட்டவும் மாட்டார்கள். கதிர் அழகுக்காகவே வைப்பதால் அது முற்றி விதை உதிரும் வரை விட்டுவைப்போம். தாம்பரம் பக்கம் விற்காமல் கிடக்கும் மனைக்கட்டுகள் எத்தனை! ரயில் பாதை ஓரம், புறவழிச்சாலை ஓரம், நன்மங்கலம், வண்டலூர்க் காப்புக்காடு என்று கோடையில் காய்ந்து கிடக்கும் இடங்கள் எத்தனை! இப்படிப்பட்ட புல் தேடுவதே அந்த மாதிரி இடத்தைத்தான்.

வெளிநாட்டுச் செடி எல்லாம் கெட்டதா?

இல்லவே இல்லை. மிளகாய், தக்காளி, நிலக்கடலை, மரவள்ளி எல்லாம் கடல் தாண்டி வந்தவைதான். அவை இல்லாமல் நம் அடுப்பு எரியாது. அவை நாம் விதைத்தால் முளைக்கும், விட்டால் தானே ஊரைப் பிடிக்காது. அதுதான் வேறுபாடு.

இன்னொரு நியாயமும் சொல்ல வேண்டும். நீரூற்றுப் புல்லில் கருஞ்சிவப்பு இலை உள்ள ஒரு ரகம் அநேகமாக விதை பிடிப்பதில்லை. பச்சை இலை ரகம்தான் விதையைக் கொட்டுகிறது. ஆனால் இரண்டும் ஒரே பெயரில் விற்பனைக்கு வரும்போது, பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

ஆகவே எந்த அழகுச் செடி வாங்கினாலும் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தானாக விதை விழுந்து முளைக்குமா? ஒடித்துப் போட்ட துண்டு துளிர்க்குமா? ஆடு மாடு தின்னுமா? முதல் இரண்டுக்கும் ஆமாம், மூன்றாவதற்கு இல்லை என்றால், அந்தச் செடியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பதிலுக்கு என்ன வைக்கலாம்?

புல்லின் அழகுதான் வேண்டும் என்றால் வெட்டிவேர் வையுங்கள். கடலூர்ப் பக்கம் மணற்பாங்கில் பயிராகவே வைக்கிறார்கள். தென்னிந்தியாவில் நாம் வளர்க்கும் வெட்டிவேர் விதையால் பரவுவதில்லை. தூரைப் பிரித்து நட்டால்தான் வரும். நட்ட இடத்தில் நிற்கும். வேர் நேராகக் கீழே இறங்கி மண்ணைப் பிடிப்பதால் வரப்புக்கும் கிணற்று மேட்டுக்கும் காவல். வேரைப் பானைத் தண்ணீரில் போட்டால் வாசனை. எலுமிச்சைப் புல்லும் அப்படித்தான். வளைந்து தொங்கும் இலை, காய்ச்சிக் குடிக்கக் கஷாயம். தரை மூட அருகம்புல் இருக்கவே இருக்கிறது. ஆனால் அதைக் கழனிக்குள் விடாதீர்கள்!

ஏற்கெனவே வைத்திருந்தால்

பதற வேண்டாம். கதிர் பஞ்சு போல உதிரும் முன்னால், பச்சையாக இருக்கும்போதே அறுத்து, சாக்கில் கட்டி விடுங்கள். மழை பெய்து மண் இளகியதும் கடப்பாரையால் வேர்க்கட்டையோடு தோண்டி எடுங்கள். வேரில் மண் ஒட்டாமல் உதறி, சிமெண்டுத் தரையில் நன்றாகக் காயப் போடுங்கள். கதிரை எருக்குழியில் போடாதீர்கள். அங்கே போட்டால் நீங்களே எருவோடு சேர்த்துக் கழனியில் விதைத்தது போலாகும். ஏரிக்கரையிலோ காலி மனையிலோ கொட்டவும் கூடாது. தோண்டிய இடத்தில் ஐந்தாறு வருஷம் மழைக்குப் பின் ஒரு பார்வை பாருங்கள். முளைத்தால் சின்னதிலேயே பிடுங்கிவிடுங்கள்.

நம் நாட்டில் களைக்குச் சட்டம் புதிதல்ல. 1919-லேயே சென்னை மாகாணத்தில் பயிரைக் கெடுக்கும் பூச்சி, நோய், கொடிய களை மூன்றுக்கும் சேர்த்துச் சட்டம் வந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு, காட்டை அமுக்கும் அயல் செடிகளை அகற்றுவதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. ஆனால் சட்டம் வருவது காடு மூடிய பிறகு. வாசலில் வைக்கும்போதே தடுக்க முடிந்தவர் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

பெரியோர்களே, ஆகாயத்தாமரையைக் குளத்தில் விட்டவர் பூவை ரசித்தார். அதை வாருகிற கூலியை நூறு வருஷத்துக்கு மேலாக ஊரார் கொடுக்கிறார்கள். அழகுப் புல்லும் அப்படித்தான்: பார்க்கிற கண் வீட்டுக்காரருடையது, களை எடுக்கிற கை பக்கத்துக் கழனிக்காரருடையது. ஆகவே விதை பறக்கிற புல்லை வாசலில் வைக்க வேண்டாம். சந்தேகமான செடி எதுவானாலும், கதிரோ பூவோ ஒன்றைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள். பார்த்துச் சொல்கிறோம்.